எலிகளுக்குக் கொடுத்த மூன்று வாரம்

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஃபாதர் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். இன்னொரு கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். அதன் முதல் வரியை நானே பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: "இந்தக் கேப்சூலை இன்றோடு நிறுத்துங்கள்."

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு அது. காலைப் பூசை முடிந்ததும் மெர்லிமாவ் பக்கத்துப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் கோயில் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மேசையில் மீ கோரெங் நூடுல்ஸும் காப்பியும் தயாராக இருந்தன. மேலே இரண்டு விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது. மற்ற பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் பிலோமினா அக்கா. ஈஸ்டருக்கு எடுத்த ஊதாச் சேலை. பக்கத்தில் மகள் ஷீலா.

ஃபாதர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம பிலோமினா அக்கா உயிரைக் காப்பாத்தினவங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்காதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அந்தக் கைதட்டலில் பாதிகூட எனக்கு உரியதில்லை. அது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தாளைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். முதல் வரி வாயில் வரவில்லை.

உங்க புள்ளைங்க சாப்பிட்டாச்சா?

தொடரை இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பத்மா. ஆயர் குரோவில் ஒரு கல்லூரியின் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஒரு மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எந்த அளவுக்கு மேல் அது விஷமாகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. இதற்காக எலிகள் வளர்க்கிறோம்.

பிலோமினா அக்கா எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்ய வந்தவர். வயது ஐம்பத்தாறோ ஏழோ. மெர்லிமாவிலிருந்து தினமும் மகள் வேலைக்குப் போகிற ஃபேக்டரி பஸ்ஸில் அவளோடு வந்து இறங்கி, ஏழரைக்கெல்லாம் வாளியும் துடைப்பமுமாகத் தாழ்வாரத்தில் நிற்பார். எலி வீட்டுக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்:

"மிஸ், உங்க புள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

எனக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். அக்கா கேட்டால் கோபம் வராது. அவர் உண்மையாகவே எலிகளை விசாரித்தார். பெரிய அதிகாரிகள் இருந்தால் நான் 'மிஸ்'. இல்லாவிட்டால் 'தங்கச்சி'.

அவருக்கு முட்டிவலி. குனிந்து தரை தேய்க்கிற வேலைக்கு முட்டி வலிக்காமல் என்ன செய்யும். ஆனால் அக்காவின் கவலை தரையைப் பற்றியது இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கோயிலில் சிலுவைப் பாதை செய்வார்கள். ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைத்து நின்று ஜெபிக்கிற பதினாலு ஸ்தலம். ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டு எழுந்திருக்க வேண்டும். போன வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்ய வேண்டியதாகிவிட்டதே என்று அவருக்கு ரொம்ப மனக்குறை.

பிறகு ஒரு நாள் வலி போய்விட்டது என்றார். காலைச் சந்தையில் யாரோ விற்ற மூலிகைக் கேப்சூலாம். நான் ஏதோ எண்ணெயாக இருக்கும், வேராக இருக்கும் என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பூசினாற்போல் ஒரு முகம்

அடுத்த சில மாதங்களில் அக்காவின் முகம் நிறைந்துவந்தது. கன்னம் உருண்டது. நம் ஆட்களுக்கு ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் முதலில் வாயில் வருவது, "நல்லா பூசினாப்ல இருக்கீங்க" என்பதுதானே. கோயிலில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள். மருமகள் கவனிப்பு நன்றாக இருக்கிறது என்று மருமகளுக்கும் பெயர் கிடைத்தது.

நானும் சொன்னேன். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஏனென்றால் அப்போது நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டிருந்த வேலையே ஸ்டீராய்டு பற்றியது. நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்த எலிகளின் எலும்பு எவ்வளவு மெலிகிறது, மருந்தை எடுத்துவிட்டபின் எவ்வளவு தேறுகிறது என்று அளந்துகொண்டிருந்தோம். அந்த மருந்து மனிதர்களின் முகத்தை உருண்டையாக்கும் என்பதை மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவள் நான். படத்தில் இருந்தால் நோய். எதிரே வாளியோடு நின்றால் 'நல்லா பூசினாப்ல இருக்கீங்க'.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கையை உயர்த்தி ஜன்னல் துடைக்கும்போது முழங்கைக்குக் கீழே ஊதாத் திட்டுகள் தெரிந்தன. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கேப்சூல் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கைப்பையிலேயே வைத்திருந்தார். பச்சை நிறப் பாக்கெட், இஞ்சி படம், இயற்கை மூலிகை என்று நான்கு மொழியில் எழுத்து.

இரண்டு கேப்சூலைச் சோதனைக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் முடிவு வந்தது. மூலிகை இருந்ததோ இல்லையோ, ஸ்டீராய்டு தாராளமாக இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடமாக அக்கா அதைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சாப்பிட்டுவந்திருக்கிறார்.

டிரெசரின் பார்வை

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்தது மெர்லிமாவ் பக்கத்தில், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். அங்கே மருந்து கொடுக்கிறவரை டிரெசர் என்போம். டாக்டர் எப்போதாவது வருவார். டிரெசர்தான் எல்லாம். அவர் தரும் மாத்திரைக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். வெள்ளை கொடுத்தால் சாதாரணக் காய்ச்சல், மஞ்சள் கொடுத்தால் பெரிய காய்ச்சல்.

ஒரு தடவை எனக்கு உடம்பெல்லாம் தடித்துப் போயிருந்தது. டிரெசர் ஒரு சிவப்பு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அப்பா மெதுவாக, இது என்ன மருந்துங்க என்று கேட்டார். டிரெசர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார்.

அந்தப் பார்வை மேல் எனக்கு வந்த கோபம்தான் என்னை மருந்தியல் படிக்க வைத்தது என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பேட்டிகூடக் கொடுத்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

சோதனை முடிவு வந்த அன்று எலிகளை எடை போடுகிற நாள். கையுறை மாட்டிக்கொண்டு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டார். கேப்சூல் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"விஷம்கா அது. ஸ்டீராய்டு கலந்திருக்கான். இன்னையோட தூக்கிப் போட்டுடுங்க."

அக்கா பயந்துபோனார். ஒன்று பாக்கி இருக்கிறதே, அதை மட்டும் இன்று சாப்பிட்டு முடித்துவிடட்டுமா என்று கேட்டார். நான் நின்று ஒரு பார்வை பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"சரி தங்கச்சி. நாளைக்கு எங்களுக்குத் தவக்காலம் தொடங்குது. இந்த வருசம் இதையே ஒறுத்தலா வெச்சுக்கிறேன்."

ஒறுத்தல் என்றால் தவக்காலத்தில் பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவது. சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் காப்பியை. அக்கா முட்டிவலி மருந்தை விட்டார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. எலி வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஒருசந்தி நாட்கள்

உள்ளே போய் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குத்தான் எலிகளுக்கு மருந்தைக் குறைக்கத் தொடங்கும் நாள். ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. நம் சிறுநீரகங்களின் தலையில் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அதுதான் தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து மருந்தாக அது வந்துகொண்டே இருந்தால், சுரப்பி இனி தனக்கு வேலை இல்லை என்று படுத்துவிடும். திடீரென்று மருந்தை எடுத்தால் உள்ளேயும் இல்லை, வெளியிலும் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கும், சர்க்கரை இறங்கும், உயிரே போகலாம்.

அதனால் எலிகளுக்கு மூன்று வாரத் திட்டம் போட்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தினமும் எடை பார்த்து, சோர்ந்த எலி இருந்தால் தனியாகக் குறித்துவைத்து. அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனேன்.

தவக்காலத்தின் முதல் வாரம் கடந்தது. அக்கா கொஞ்சம் களைத்துத் தெரிந்தார். இரண்டாவது வாரம் மாடிப்படியில் துடைப்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றார்.

"ஒருசந்தியாக்கா?" என்று கேட்டேன். ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆமாம் என்றார். நானும் விரதம் இருக்கிற குடும்பத்தில் வளர்ந்தவள்தான். தைப்பூசத்துக்கு முன் என் அம்மா இதே மாதிரி வாடிப் போய் நிற்பார். மதிப்போடு ஒதுங்கிப் படியேறிப் போனேன்.

வீட்டிலும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். கோயிலிலும் அப்படியே. வேறு மாதமாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் கிளினிக்குக்கு இழுத்துப் போயிருப்பார். தவக்காலத்தில் வாடிய முகத்தை யார் சந்தேகப்படுவார்கள்.

பத்தாவது ஸ்தலம்

அந்த வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதைக்கு அக்கா நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வலி திரும்ப வந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டு, ஷீலாவின் தோளைப் பிடித்து எழுந்திருக்கிறார். பத்தாவது ஸ்தலத்தில் முழந்தாளிட்டவர் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த பெஞ்சில் தலையைச் சாய்த்துவிட்டார்.

ஜெபத்தில் உருகியிருக்கிறார் என்று நினைத்தார்கள். தொந்தரவு செய்யக்கூடாது என்று ஷீலாவையும் கையமர்த்திவிட்டு, பாட்டுப் பாடியபடி பதினோராவது ஸ்தலத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவதில் ஷீலாவுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள். சில்லென்று வேர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை.

நான் தங்கா பத்துவில் என் வீட்டு வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஷீலா ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மா என்னா மருந்து சாப்பிடறாங்கன்னு டாக்டர் கேக்கறாரு. ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னீங்கன்னு அதையும் அன்னைக்கே நிறுத்திட்டாங்க. கரெக்ட்தானே?"

குழாயைக் கீழே போட்டேன். சுவரில் ஒட்டிய அட்டவணை கண் முன்னால் வந்தது. டாக்டரிடம் ஃபோனைக் கொடு என்று கத்தினேன். இளம் மலாய்க்கார டாக்டர் ஒருவர் பேசினார். ஒரு வருடமாக ஸ்டீராய்டு, இரண்டு வாரத்துக்கு முன் திடீரென்று நிறுத்தியிருக்கிறார் என்று சொன்னேன். அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஃபோனை ஷீலாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்.

நான் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஊசி போட்டு, சலைன் ஏற்றி, அக்காவுக்கு நினைவு திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஷீலா கட்டிப்பிடித்து அழுதாள். அந்த டாக்டரும் என்னிடம் வந்து, நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்று கை கொடுத்தார்.

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். அந்தப் பிள்ளை அழுகிற அழுகையில் வாய் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த நன்றி எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்தபின் தினமும் சரியான அளவில் ஸ்டீராய்டு மாத்திரை. அதை மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்க வேண்டும். கேப்சூல் விஷத்தால் அம்மா விழுந்தார், பத்மா ஆன்ட்டி காப்பாற்றினார் என்று கதை மெர்லிமாவ் முழுக்கப் பரவிவிட்டது. ஃபாதர் என்னைப் பேசக் கூப்பிட்டதும் அந்தக் கதையைக் கேட்டுத்தான்.

தாளை மடித்தேன்

மறுபடி மண்டபத்துக்கு வருகிறேன்.

தாளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பேச்சு தொடங்கவில்லையே என்று பின்வரிசையில் சலசலப்பு. மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா எழுந்து நின்றார். கன்னம் இரண்டும் உருண்டை.

"மேடம், நானும் அதே கேப்சூல்தான் ரெண்டு வருசமா சாப்பிட்டேன். பிலோமினா கதை கேட்டதும் புதன்கிழமையே குப்பையில போட்டுட்டேன்."

நல்ல வேலை செய்தேன் பார்த்தீர்களா என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர், நாங்களும் போடப் போகிறோம் என்றார்கள்.

 தாளில் இருக்கிற முதல் வரியை நான் படித்தால் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இன்று குப்பைத்தொட்டியைத் தேடுவார்கள். படிக்காமல் மழுப்பலாக ஏதாவது பேசினால் ஏன் எதற்கு என்று புரியாது. உள்ளதைச் சொன்னால்தான் புரியும். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊதாச் சேலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

"அக்காவைக் கேப்சூல் மட்டும் கீழ தள்ளலை. நானும் தள்ளினேன். திடீர்னு நிறுத்தச் சொன்னது நான்தான்."

 பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். படுத்துவிடுகிற சுரப்பியைச் சொன்னேன். எலிகளுக்கு மூன்று வாரத் திட்டம் போட்டதைச் சொன்னேன். அதே நாளில் அக்காவுக்குத் தாழ்வாரத்தில் ஒரே வாக்கியத்தில் முடித்ததைச் சொன்னேன். யாரும் தானாக நிறுத்தவேண்டாம், பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள், எத்தனை நாளாகச் சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் குறைக்கிற மாதிரி குறையுங்கள் என்றேன். பச்சைச் சேலை அம்மாவை மட்டும் நாளைக்கு என்று விடவில்லை. மண்டபத்திலிருந்தே ஷீலாவும் அந்த அம்மாவின் மகனும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நல்லவேளை, விழுவதற்கு முன்பே அங்கே சேர்த்துவிட்டார்கள்.

கைதட்டல் இல்லை. மேடையிலிருந்து இறங்கி மேசை அருகே நின்றேன். ஒருவர் வந்தார். கைப்பையைத் திறந்து பச்சைப் பாக்கெட்டை மேசைமேல் வைத்து, இது அதுதானா என்று கேட்டார். அப்புறம் இன்னொருவர். அவருடைய பாக்கெட் சிவப்பு. மீ கோரெங் ஆறிப்போகும்வரை வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் கேள்வி கேட்டார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னேன்.

ஷீலா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் அக்காவை நான்தான் வீட்டில் விடவேண்டியிருந்தது. அக்கா காரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். முகம் இளைக்கத் தொடங்கியிருந்தது. கோயிலில் அன்று நாலு பேராவது, என்னக்கா வத்திப் போயிட்டீங்க என்று கேட்டிருப்பார்கள்.

பெரிய ரோட்டுக்கு வந்தபின் நான் மன்னிப்புக் கேட்டேன். தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. மன்னிச்சிடுங்கக்கா என்று மட்டும் வந்தது.

அக்கா ஜன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"அந்த எலிங்க எல்லாம் நல்லா இருக்கா?"

இருக்கின்றன, ஒன்றுகூடச் சாகவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. காரை ஓரம் கட்டினேன்.

அக்கா தன் முந்தானையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தார். ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் துடைக்கிற அதே அழுத்தம்.

"சரி விடுங்க தங்கச்சி. அடுத்த தடவை என்னையும் உங்க புள்ளைங்கள்ல ஒண்ணா சேத்துக்குங்க லா."